கதை தொடங்கும் நாள்: வன்னிப் பெருநிலத்திற் கேட்டலும் இணக்கமும்

வன்னிப் பெருநிலத்து மக்களின் குறை கேட்பதற்கெனப் போர் முடிந்த பின்னர் அரசு அனுப்பிய அமைப்புகள் ஒன்றல்ல. 2010 மே மாதத்தில் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு அவ்வாண்டிலேயே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களில் அமர்வுகளை நடத்திற்று. 2013இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு தனது முதலாவது அமர்வை 2014 சனவரியிற் கிளிநொச்சியில் நடத்தியது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி வந்தது. அதே ஆண்டிற் சட்டமாகி, 2018இல் உறுப்பினர் நியமிக்கப்பெற்ற காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் வந்தது. இவை நான்கின் முன்பும் ஒரே தாய் ஒரே புகைப்படத்தோடு சென்றமர்ந்தமை வன்னியில் அரிதானதொரு நிகழ்ச்சியன்று. இத்தகைய தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாட்களுள் வவுனியாவிலும், மார்ச் மாதத்தில் முல்லைத்தீவிலும் அவ்வாறே பந்தல்கள் எழுந்தன. இவ்வளவு முறை வாய்திறந்து பேசியவர்கள், 'எங்களை ஒருவரும் கேட்கவில்லை' என்று தெருவோரத்திற் சென்று அமர்ந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை உளவியலுக்கோ சமயப் போதனைக்கோ விட்டுவிடாது, எடுத்துரைப்பின் பிரச்சினையாகவும் சமுதாய உறவுகளின் பிரச்சினையாகவும் நோக்க இக்கட்டுரையில் முனைகின்றோம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழிற் 'கேள்' என்னும் வினையடி செவியால் ஏற்றலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும், உரிமையோடு ஒன்றைத் தருமாறு கோருதலையும் குறிக்கும். பெயராக நிற்குமிடத்து அதே சொல் உறவையும் நட்பையும் உணர்த்தும். கேளிர் என்பார் உறவினர். 'கேள்வி' என்னும் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் அரசியலின்கண் வைத்தார். அஃதாவது, கேட்டலைத் தனிமனிதனின் நற்குணமாக மட்டுமன்றி, ஆள்பவனுக்கு வேண்டப்படும் ஒழுகலாறாகவும் அவர் கண்டார் எனலாம். இப்பொருட்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நிற்பது தற்செயலானதன்று என்பதே எமது கருத்து. வினவாதவன் செவிமடுத்தவனாகான்; செவிமடுக்கப்பட்டவள் தனக்குரியதைக் கோரும் உரிமையையும் பெற்றுவிடுகின்றாள். (இன்றைய நிருவாகத் தமிழிலோ 'கேள்வி' என்றதும் பலருக்கு நினைவில் வருவது கட்டட ஒப்பந்தத்திற்கான கேள்விப்பத்திரந்தான்.) ஆணைக்குழுக்கள் 'கேள்' என்பதன் முதற்பொருளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டன. சொன்னதை ஒலிப்பதிவு செய்தன, தட்டச்சிற் பதித்தன, வினவுதலை வேறொரு திசையில் நடத்தின, கோரிக்கையைக் கோவைக்குள் இட்டன.

2014ஆம் ஆண்டின் அமர்வுகளை அவதானித்த குடிசார் அமைப்புகள் எழுதியுள்ள குறிப்புகளில் இது தெளிவாகின்றது. பிள்ளையை இராணுவத்தினரிடம் கையளித்ததைச் சொல்லவந்த தாயிடம், புலிகள் இழைத்த கொடுமைகள் பற்றி வினவப்பட்டது. மொழிபெயர்ப்புப் பிழைகள் நேர்ந்தன. வாழ்வாதார உதவியும் இறப்புச் சான்றிதழும் பேச்சினிடையே வந்து நுழைந்தன. வறுமைப்பட்ட குடும்பத்திற்கு உதவி வேண்டாம் என்று எவரும் கூறார். ஆயின் 'மகன் எங்கே' என்ற வினாவுக்கு விடையாக அது வைக்கப்படும்போது, வினாவே மாற்றப்பட்டுவிடுகின்றது.

இங்கு எடுத்துரைப்பின் ஒரு கூறு கவனத்திற்குரியது. எந்தக் கதையும் ஏதோவொரு நாளிலே தொடங்குகின்றது. எந்நாளிலே தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பவர் அக்கதையின் பொருளையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றார். விண்ணப்பப் படிவத்திலே கதை 'காணாமற்போன திகதி' என்ற கட்டத்தில் தொடங்குகின்றது. வன்னிப் பெண் தன் வழக்கிற் சொல்லும் கதையோ அங்குத் தொடங்குவதில்லை. ஒப்பாரியின் அமைப்பை அறிந்தவர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். ஒப்பாரி சாவிலே தொடங்குவதன்று. பிறப்பு, வளர்ப்பு, பள்ளிக்கூடம், கலியாணக் கனவு, தோட்டத்தில் நட்ட தென்னை என்றெல்லாம் நடந்துவந்து ஈற்றிலே இழப்பிற் சேர்வது. அது தனியொருத்தியின் பாட்டுமன்று. சுற்றியமர்ந்து கட்டியணைத்திருக்கும் பெண்கள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கின்றனர். கேட்பவளே அடுத்த கணம் சொல்பவளாகின்றாள். இவ்வட்டத்திற்கும், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அலுவலருக்கும் இடையிலுள்ள தூரம் வெறும் இருக்கைகளின் தூரமன்று.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்நோக்கில் மீளப் பார்க்கலாம். முல்லைத்தீவின் வற்றாப்பளையிலே கண்ணகிக்கு வைகாசிப் பொங்கல் நிகழ்கின்றது. கோவலன் கூத்து வன்னியில் வழிவழியாக ஆடப்பட்டுவந்தது. ஆதலின் இக்கதை அங்கு ஏட்டிற் கிடக்கும் கதையன்று. சிங்கள மக்களிடையிலும் பத்தினித் தெய்யோ என அவளே வழிபடப்படுகின்றாள். பாண்டியனின் பிழை யாது? பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு, மறுபக்கத்தை விசாரியாது தண்டம் விதித்தமை. பின்னர் கண்ணகி அவைக்கு வந்தபோது அவன் அவளை யாரென வினவுகின்றான். அவளோ சிலம்பிலிருந்து தொடங்கவில்லை. தன் ஊரிலிருந்தும், அவ்வூரின் அறம் சார்ந்த பழங்கதைகளிலிருந்தும், கோவலனின் குடியிலிருந்தும் தொடங்குகின்றாள். அரசன் குறுக்கிடவில்லை. சான்றுப் பொருள் அதன் பின்னரே உடைபடுகின்றது. மன்னன் உயிர்விடுவதனால் முடியாட்சியின் மாண்பு மீட்கப்படுவதாகக் காப்பியம் காட்டுவது அதன் காலத்துக் கருத்துநிலை. அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. மதுரை எரிந்தபோது துன்புற்றவர்களுள் கோவலனின் கொலையோடு எத்தொடர்புமில்லாத மாந்தரும் இருந்திருப்பர் என்பதையும் மறத்தற்கில்லை. எனினும், பாதிக்கப்பட்டவள் தன் கதையைத் தான் விரும்பிய இடத்திலிருந்து தொடங்க விடப்பட்டாள் என்னும் அந்த ஒன்று, இரண்டாயிரத்துப் பத்துக்களின் அமர்வுகளில் வன்னித் தாய்க்கு வாய்க்கவில்லை.

இதுவரை கூறியது மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான கேட்டல் பற்றியது. சமூகங்களுக்கிடையிலான கேட்டல் இதனினும் சிக்கலானது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கெல்லையில், நெடுங்கேணிக்கும் கொக்கிளாய்க் கடலேரிக்கும் இடைப்பட்ட நிலத்தைத் தமிழர் மணலாறு என்பர். சிங்களவர் வெலிஓயா என்பர். ஒரே பொருளின் இரு பெயர்கள் இவை. ஆயினும் இவற்றுள் ஒன்றை உச்சரித்தவுடனே பேசுபவரின் கதை எந்நாளிலே தொடங்கும் என்பதை ஊகித்துவிடலாம்.

அங்குக் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை எனத் தனியார் முதலீட்டில் உருவான இரு பண்ணைகள் இருந்தன. 1977 ஆகஸ்ட் வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இவை போன்ற இடங்களிற் குடியேறின. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் அக்குடியேற்றங்களுக்கு உதவிற்று. 1983 ஏப்ரலில் அவ்விருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் அத்தொழிலாளர் குடும்பங்கள் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்டன. அவ்விடத்தில் திறந்தவெளிச் சிறை என்ற பெயரிற் சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டனர். 1984 நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கினர். அறுபதைத் தாண்டியதெனப் பொதுவாகக் கூறப்படும் அந்த இறந்தோர் தொகையிற் பெண்களும் குழந்தைகளும் உளர். அடுத்த நாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். டிசெம்பர் 2ஆம் நாள் ஒதியமலையிலே தமிழ் ஆண்கள் 32 பேரைப் படையினர் சுட்டுக்கொன்றனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழர் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னரே அவர்கள் மீண்டனர். 1988இல் வெலிஓயா என்ற பெயர் அரச வர்த்தமானியில் ஏறிற்று.

இந்நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் ஒரே பந்தியில் எழுத எமக்கு இயல்கின்றது. ஆனால் வாழ்ந்தவர் எவரும் இவற்றை இவ்வாறு சொல்வதில்லை. சிங்களக் குடியேற்றவாசியின் கதை நவம்பர் 30இற் தொடங்குகின்றது: 'நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தோம், வந்து வெட்டினார்கள்.' ஒதியமலைக் கைம்பெண்ணின் கதை இரண்டு நாள் கழித்துத் தொடங்குகின்றது. கொக்குத்தொடுவாய் விவசாயியின் கதை அவன் வயலை விட்டகன்ற நாளில் தொடங்கி, திரும்பிவந்தபோது அவ்வயலை வேறொருவர் உழுதுகொண்டிருந்ததில் முடியாமல் நிற்கின்றது. மலையகத்திலிருந்து வந்தவரின் கதையோ 1977இல், அல்லது இன்னும் பின்னோக்கிச் சென்று, குடியுரிமை பறிக்கப்பட்ட 1948இல் தொடங்குகின்றது. ஒவ்வொரு கதையும் அதனளவில் உண்மையானது. பொய் எங்குப் புகுகின்றதெனின், 'என் கதை தொடங்கும் நாளுக்கு முன்பு எதுவும் நிகழவில்லை' என்ற சொல்லப்படாத எடுகோளிலேயே புகுகின்றது. பிளவுண்ட சமூகங்களிடையே கேட்டல் என்பது, எமது கணிப்பில், இவ்வெடுகோளைக் கைவிடுவதுதான்: மற்றவருடைய முதல் நாளை எனது நாட்காட்டியிற் குறித்துக்கொள்வது. இது மன்னிப்பன்று, பழிகளைத் தராசிலிட்டுச் சமப்படுத்துவதுமன்று. அரசு திட்டமிட்டு நடத்திய குடியேற்றத்தையும், அதற்கு இரையான ஏழைக் கைதியின் குழந்தை கொல்லப்பட்டதையும் ஒரே தட்டில் வைக்க நாம் கூறவில்லை. இரண்டும் நிகழ்ந்தன என்பதை இரு மொழியிலும் சொல்லக்கூடிய ஒருவர் முதலில் வேண்டும் என்றே கூறுகின்றோம்.

இவ்விடத்தில் எமது மார்க்சிய நண்பர்கள் ஒரு மறுப்பைக் கிளப்புவர். தோட்டத் தொழிலாளி, சிறைக்கைதி, கரைவலை மீனவன், சிறு விவசாயி ஆகிய அனைவரும் உழைக்கும் வர்க்கத்தினரே. ஆளும் வர்க்கம் ஏழையை ஏழைக்கெதிராக நிறுத்திற்று. எனவே வேண்டுவது வர்க்க ஒற்றுமையேயன்றிக் கதை கேட்டலன்று என்பது அவர்களின் வாதம். முதற் பகுதியில் எமக்கு முழு உடன்பாடு உண்டு. மணலாற்றில் நிலம் எவ்வாறு ஆயுதமாக்கப்பட்டது என்பதை வர்க்க ஆய்வின்றி விளங்கிக்கொள்ள இயலாது; எல்லைக் காவலுக்கு வேலியாக நிறுத்தப்பட்டவர்கள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளல்லர். ஆயின் கணவனை இழந்தவளிடம் சென்று, அவள் வாய்திறப்பதன் முன்னரே 'நீயும் அவளும் ஒரே வர்க்கம்' என்று அறிவிப்பது ஆணைக்குழுவின் படிவத்திற்கு எவ்வகையில் மேம்பட்டது? அங்கும் கதையின் தொடக்கத்தை வேறொருவரே தீர்மானிக்கின்றார். 1956இன் மொழிச் சட்டத்தை அன்று எதிர்த்த இடதுசாரிக் கட்சிகளுட் பெரியவை பின்னர் ஆட்சிப் பங்காளிகளாகித் தமிழரின் குறைக்குச் செவிகொடாது போன வரலாற்றை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஒற்றுமை என்ற முடிவைச் சரியாகக் கண்டவர்களும், அம்முடிவுக்கு மக்கள் வந்துசேரும் வழியைக் கேட்டறியத் தவறினர்.

தமிழ்ச் சமூகத்தினுள்ளும் கேட்கப்படாதவர் உளர். மலையக வழிவந்த வன்னிக் குடும்பங்கள் பல, இரு தலைமுறை கழிந்த பின்னும், குடியிருக்கும் காணிக்கு உறுதியின்றி வாழ்கின்றன. நினைவுகூரற் கூட்டங்களில் அவர்களின் 1977ஐப் பேசுவார் அரியர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற இடங்களின் முஸ்லிம்கள் இவ்வாறு சென்று புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறைக் காலம் கழித்தனர். போர் முடிந்தபின் அவர்கள் மீண்டபோது, காடழித்துக் காணி வழங்குவது பற்றி எழுந்த பிணக்குகளில், 'இவர்கள் இப்போது எங்கிருந்து வந்தார்கள்' என்று கேட்ட தமிழ்க் குரல்களும் இருந்தன. அவர்களின் கதை 2009இற் தொடங்குவதாக எம்மவர் கருதிக்கொண்டமையே அதன் காரணம். மற்றொன்றும் உண்டு, அதனை எழுதுவது எளிதன்று. 'குடும்பத்திற்கு ஒருவர்' என்று புலிகள் கட்டாயமாகச் சேர்த்துச் சென்ற பிள்ளை, 2009 மே மாதத்தில் வட்டுவாகற் பக்கமாகப் படையினரிடம் சரணடைந்து காணாமற்போயிருப்பின், அத்தாயின் கதை எங்குத் தொடங்கும்? ஆணைக்குழுவின் முன் அவளைக் கதையின் முதற்பாதியை மட்டும் சொல்லத் தூண்டினர். எமது மேடைகளிற் பிற்பாதியை மட்டும் சொல்லத் தூண்டுகின்றனர். அவள் முழுவதையும் சொல்லுமிடம் அடுப்படியாகவே இருக்கின்றது.

மொழி இதன் பௌதிக அடிப்படை. பெரு நாட்டின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2003இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, அந்நாட்டின் உள்நாட்டு மோதலில் இறந்தும் காணாமற்போயுமிருந்தோர் தொகையை 69,280 என மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பேர் கெச்சுவா முதலிய தாயக மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஸ்பானிய மொழி பேசும் தலைநகரம் அத்துணைப் பேரழிவை உணராது வாழ்ந்தமைக்கு மொழியும் வறுமையும் ஒருங்கு காரணமாயின. தென்னாபிரிக்க ஆணைக்குழுவில் மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் சொல்லை 'அவர் கூறுகின்றார்' என்று பெயர்க்காது, 'நான்' என்று தன்மையிலேயே பெயர்த்தனர். அதன் சுமையை அவர்கள் பின்னாளிற் பேசியுள்ளனர். வேறொருவரின் 'நான்' என்பதை நாள் முழுதும் தன் வாயாற் சொல்வது எளிய தொழிலன்று. எமது நாட்டிலோ, தமிழ் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் 1987இல் ஏறிய பின்னரும், தமிழிற் சொன்ன முறைப்பாட்டைப் பொலிசார் சிங்களத்தில் எழுதிக்கொள்ள, சொன்னவர் தாம் வாசித்தறியமுடியாத தாளிற் கையொப்பமிடும் நிலை நெடுங்காலம் நீடித்தது. சிங்களக் கிராமங்களிற் சேகரிக்கப்பட்ட சாட்சியங்களும் தமிழில் வெளிவருவது அரிது. ஒதியமலையின் கதை சிங்களத்திலும், டொலர் பண்ணையின் கதை தமிழிலும் பாடநூலளவிற்கேனும் எழுதப்படாதவரை, இரு பக்கத்துப் பிள்ளைகளும் அயலூரிலே தம் கதைக்கு முன்னொரு நாள் உண்டென்பதை அறிய வழியில்லை.

மேற்கூறிய நான்கு அமைப்புகளுட் கலந்தாலோசனைச் செயலணியே ஓரளவு வேறுபட்டது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான பதினொருவர் அரசியலாரல்லர், குடிசார் சமூகத்தினர். வலயங்கள் தோறும் அவ்வப்பகுதியினரே குழுக்களாக அமைந்து கேட்டனர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. படையினரின் குடும்பங்களும், வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினரும் ஒரே அறிக்கைக்குள் வந்தது நாட்டின் வரலாற்றில் அருமையானது. அவ்வறிக்கை 2017 சனவரி 3ஆம் நாள் கையளிக்கப்பட்டபோது அதனைப் பெற்றுக்கொள்ளச் சனாதிபதி வரவில்லை; பிரதமரும் வரவில்லை; முன்னாட் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவே பெற்றுக்கொண்டார். சில நாட்களுள்ளேயே, அறிக்கையின் முக்கிய விதப்புரையான வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கேற்பை அமைச்சர்கள் மறுத்துரைத்தனர். நன்றாகக் கேட்டவர்களிடம் அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரமுள்ளவர் கேட்கும் இடத்திற்கு வரவேயில்லை. கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தது இதன் பின் ஏழு வாரத்திலேயே என்பது அவதானிக்கத்தக்கது.

அதே ஆண்டு சனவரி இறுதியிற் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பிலே விமானப்படை முகாமின் வாயிலில் மக்கள், பெரும்பாலும் பெண்கள், கைக்குழந்தைகளோடு அமர்ந்தனர். அவர்கள் ஆணைக்குழு எதற்கும் கதை சொல்லவில்லை. தம் காணியைக் கேட்டனர். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கேட்டனர். தெற்கிலிருந்தும் ஆதரவாளர்கள் வந்து உடனமர்ந்தனர். மார்ச் 1ஆம் நாள் 42 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கேப்பாப்புலவின் ஏனைய காணிக்கான போராட்டம் அதன் பின்னும் தொடர்ந்தது உண்மையே. எனினும் 'கேள்' என்ற சொல்லின் மூன்று பொருளும் ஒருங்கு கூடிய இடமாக நாம் காட்டக்கூடியது அந்த வாயிற்புறமே. அங்கு வந்தமர்ந்த சிங்களப் பெண்களிடம் நல்லிணக்கம் பற்றி எவரும் விரிவுரை ஆற்றவில்லை. பந்தலிற் சமைத்த சோற்றை உண்டு, யாருடைய கிணறு எங்கிருந்தது என்ற கதையை மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இங்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாட்டார் பாடலையும் கூத்தையும் சேகரித்துப் பழகிய துறைகள் எமது துறைகள். ஒருவர் சொல்வதை இடைமறியாது பதியும் பயிற்சி எமது மாணவரிடம் உண்டு. நெடுங்கேணிக்கும் கொக்கிளாய்க்கும் இடையிலுள்ள ஊர்களிலே, சிங்களத்துறை மாணவரோடு சேர்ந்து, 'உங்கள் கதை எங்கே தொடங்குகிறது' என்ற ஒரே வினாவோடு சென்று பதியலாம். சொல்பவர் 1948இலே தொடங்கினாலும் சரி, சென்ற மாதம் யானை மிதித்த வயலிலே தொடங்கினாலும் சரி, அங்கிருந்தே எழுதவேண்டும். கூலிநாள் இழப்பவருக்கு அந்நாட்கூலியைக் கொடுக்கவேண்டும். மண்டபத்திலே சீருடையினர் இருத்தலாகாது. எழுதியதைச் சொன்னவருக்கு அவர் மொழியிலே வாசித்துக்காட்டி, அவர் திருத்தியபின் மற்ற மொழியிற் பெயர்த்து அயலூருக்கு எடுத்துச் செல்லவேண்டும். அதன் பிரதியொன்றைச் சொன்னவர் கையிலேயே கொடுத்துவிடவேண்டும். 2010இலிருந்து வன்னியில் எத்தனையோ தாள்களிற் கையொப்பமிட்டவர்களிடம், தாம் சொன்னது எழுதப்பட்ட தாள் ஒன்றேனும் வீட்டில் இருப்பது அரிது.